இருநூறு வரைக்கும்

தங்கை இறந்த பதினேழாம் நாள் ஒரு பெட்டியுடன் அவள் வீட்டில் போய் இறங்கினேன். மாப்பிள்ளை கதவைத் திறந்தார். அவர் காலுக்குப் பின்னால் நின்று ஒரு பழுப்பு நாய் என்னை மேலும் கீழும் பார்த்தது. வால் இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு என்னவோ ஒன்று ஆடியது. அதனாலேயே அதற்கு வாலு என்று பேர் வைத்திருந்தாள் தங்கை. அவளுடைய கேலி எப்போதும் அப்படித்தான்.

நாய்க்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் நான் வந்ததே அந்த நாய்க்காகத்தான். அதற்கு வலிப்பு நோய். மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர், ஞாயிறு தவிர பகலில் வீட்டில் இருக்க மாட்டார். ஆஸ்பத்திரியில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியாகக் கேட்டது அது ஒன்றைத்தான்.

"வாலுவைத் தனியா விட்டுடாதக்கா. நீ பாத்துக்குவேன்னு சொல்லு."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். சொன்ன சொல் தவறியவள் இல்லை நான் என்ற எண்ணம் அப்போது எனக்கு இருந்தது.

முப்பது வருடம் ஒரு நூற்பாலையில் நேரம் குறிக்கும் வேலை பார்த்தவள் நான். யார் எத்தனை மணிக்கு வந்தார், யார் எத்தனை நிமிடம் வெளியே நின்றார் என்று எழுதியே தலை நரைத்தது. ஓய்வு பெற்றபோது ஆலையில் கொடுத்த கைக்கடிகாரம் இன்னும் கையில் இருக்கிறது. இருட்டிலும் முள் தெரியும். பழக்கம் யாரை விட்டது? வந்த அன்றே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தத் தொடங்கினேன்.

வலிப்பு வந்த நாட்களைத் தங்கை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். எண்ணெய்க் கறை, கோணல் எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் நாய்ப் படம். நடுவில் இரண்டு பக்கம் புரட்டியதுமே எனக்கு எரிச்சல் வந்தது. அதைச் சமையலறை இழுப்பறையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒரு பதிவேடு வாங்கினேன். சிவப்பு மையில் கட்டம் போட்டேன். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம். பழைய நோட்டை மாப்பிள்ளையும் திறந்ததில்லை. அவள் எழுத்தைப் பார்க்கத் தனக்குத் தெம்பில்லை என்றார்.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு அச்சிட்ட தாள் ஒட்டியிருந்தது. வலிப்பு வந்தால் வெளிச்சத்தை மறைக்க வேண்டும். வாய்க்குள் கை விடக்கூடாது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அவசர மருந்தைக் குழலில் எடுத்துப் பின்பக்கமாகச் செலுத்த வேண்டும். ஐந்து நிமிடம் என்று தெளிவாகப் போட்டிருந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

நான்காம் நாள் மதியம் இரண்டு பத்துக்கு வாலு வந்து என் முழங்காலில் சாய்ந்து நின்றது. அதன் கண்கள் என்னைப் பார்க்கவில்லை, அலமாரிக்கும் சுவருக்கும் இடையிலிருந்த மூலையைப் பார்த்தன. பிறகு அப்படியே சரிந்தது. கால்கள் நான்கும் காற்றில் ஓடத் தொடங்கின. பல் கிட்டி, வாயில் நுரை தள்ளி, தரையெல்லாம் மூத்திரம். நான் ஓடிப்போய்த் திரையை இழுத்துவிட்டேன். கூடம் இருண்டது. நகங்கள் தரையைப் பிறாண்டும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம் இன்னொரு சத்தம்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

மூலையிலிருந்து, தரையோடு தரையாக, தணிந்த குரலில்.

பத்து வந்ததும் குரல் ஒருமுறை மூச்சு வாங்கியது. மறுபடி இருபதில் வாங்கியது. சின்ன வயதில் கண்ணைப் பொத்திக்கொண்டு நூறு வரை எண்ணும்போது அப்படித்தான் பத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்குவாள் என் தங்கை.

தொண்ணூற்று நான்கில் நாய் அடங்கியது. குரலும் நின்றது. அந்த இருட்டில் ஆஸ்பத்திரிச் சோப்பின் வாடை மெல்ல வந்து போயிற்று.

சாயங்காலம் மாப்பிள்ளை செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அந்தக் குரலைப் பற்றிக் கேட்டுவிட்டேன்.

"அவ எண்ணுவாக்கா. கடியாரம் பாக்கறதுக்குக்கூட வாலுவை விட்டு எழுந்திருக்க மாட்டா."

"எதுவரைக்கும் எண்ணுவா?"

"தெரியல. எனக்கு அதைப் பாக்க பயம், வெளிய போய் நின்னுக்குவேன். வலிப்பு நின்னதும் அவன்கிட்ட வந்துட்டியான்னு கேப்பா. அதைக் கேட்டப்புறந்தான் உள்ள வருவேன்."

"இப்ப நீங்க எதாவது கேட்டீங்களா?"

"அவ போனப்புறம் ரெண்டு தடவை கேட்டேன். உங்ககிட்ட சொன்னா வராம இருந்துடுவீங்களோன்னு சொல்லல."

அன்றே கிளம்பியிருக்கலாம். கிளம்பாததற்குக் காரணம் தைரியம் இல்லை, வாலுதான். வலிப்பு விட்டபின் அரை மணி நேரம் அதற்குக் கண் தெரியாது. சுவரிலும் நாற்காலியிலும் முட்டிக்கொண்டே வீடு முழுக்க யாரையோ தேடும். தேடி அலுத்து, கடைசியில் என் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுக்கும். மூன்றாவது தடவை அப்படிப் படுத்தபோது நான் வாய்விட்டு அழுதேன். அதுவும் நானும் தேடியது ஒரே ஆளைத்தான்.

ஆறு வாரம் போயிற்று. குரலுக்குப் பழகிவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அது எண்ணும், நான் கடிகாரம் பார்ப்பேன். ஒருமுறையும் நூற்றிருபதைத் தாண்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாண்டியது.

தொடங்கியபோது மதியம் இரண்டு பத்து. திரை மூடியிருந்தது. மாப்பிள்ளை அன்றைக்கு வெளியே போகவில்லை. மருந்துக் குழலை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார்.

"நூத்தித் தொண்ணூத்தெட்டு... நூத்தித் தொண்ணூத்தொம்பது..."

"இருநூறு."

குரல் நின்றுவிட்டது. நாய் நிற்கவில்லை.

"அக்கா, குடுத்துடட்டுமா?"

முள்ளைப் பார்த்தேன். "மூணு நிமிஷம் இருபது செகண்டுதான் ஆச்சு. அஞ்சு ஆகட்டும்."

யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

கடிகாரம் கட்டிய கையை. எலும்பும் தோலுமான விரல்கள், சில்லென்று இருந்தன. ஆஸ்பத்திரியில் பிடித்த அதே பிடி. பிடித்து உலுக்கின. நான் கையை உதறிவிட்டு மறுபடி முள்ளைப் பார்த்தேன்.

நான்கு நிமிடம் பத்து வினாடியில் வாலுவின் உடம்பு ஒருமுறை விறைத்துத் தளர்ந்தது. விலாவில் கை வைத்தேன். எதுவும் அசையவில்லை.

மூலையிலிருந்து கேட்டது.

"வந்துட்டியா?"

மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை என்பது அவருக்கும் தெரிந்தது. நாய் எங்கள் முன்னால் கிடந்தது. ஆனால் தரையில் நகம் படும் சத்தம் எங்களிடமிருந்து எழுந்து மூலையை நோக்கிப் போயிற்று.

மறுநாள் இழுப்பறையிலிருந்து அந்த நோட்டை எடுத்தேன். முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், அடியில் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தாள்: 'வாலுவுக்கு இதயம் பலவீனம். அஞ்சு நிமிஷம் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இருநூறு எண்ணினதும் மருந்து. மறக்கக் கூடாது.' கீழே ஒரு நாய்ப் படம். அதற்கு மட்டும் நீளமாக வால் வரைந்திருந்தாள்.

மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. நோட்டைப் பெட்டிக்கு அடியில் வைத்து, என் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் மதியம் இரண்டு பத்துக்கு, திரையே இல்லாத என் அறை மங்குகிறது. எண்ணத் தொடங்குகிறாள். இருநூறில் நின்று காத்திருக்கிறாள். முதல் நாள் பயத்தில் என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"குடுத்துட்டேன்டி."

உடனே, "வந்துட்டியா?" என்றாள். நகச் சத்தம் அறையைக் கடந்து ஓடியது. வெளிச்சம் திரும்பியது. பதிவேட்டில் ஒரு நிமிடத்தைக்கூட மாற்றி எழுதாத நான், நான்கு மாதமாகத் தினம் ஒரு பொய் சொல்லிவந்தேன்.

இன்று காலை மாப்பிள்ளை போன் செய்தார்.

"நீங்க கூட இருந்ததாலதான்க்கா அவன் தனியாப் போகல. அவளுக்கும் அது நிம்மதியா இருக்கும்."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு பத்து ஆயிற்று. இருநூறு வந்தது. அந்தப் பொய் இன்று வாயில் வரவில்லை.

"குடுக்கலடி. உன் நோட்டை நான் படிக்கல. கடியாரத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

வந்துட்டியா என்று கேட்கவில்லை. நகச் சத்தமும் இல்லை. ஒரு மூச்சு வாங்கினாள்.

"இருநூத்தி ஒண்ணு."

பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். தொடங்கிய நேரம், இரண்டு பத்து. இப்போது மணி நாலே முக்கால். ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டாள், பத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டு. முடிந்த நேரம் என்ற கட்டத்தில் இன்னும் எதுவும் எழுதவில்லை.