யார் கொடுத்த மாத்திரை

காலை ஆறரைக்கே வீட்டில் சண்டை தொடங்கிவிட்டது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி மூன்று நாளாகக் கன்னம் வீங்கிக் கிடந்த மாமியார் வலி மாத்திரை கேட்டாள்.

“நாலரைக்குத்தானே போட்டீங்க அத்தை... ஆறு மணி நேரம் ஆகணும். பத்தரைக்குத் தரேன்,” என்றாள் மருமகள்.

“வலியில துடிக்கிறவங்ககிட்ட மணி பாக்குறாங்க பாரு,” என்றாள் நாத்தனார். அம்மாவைப் பார்த்துக்கொள்ளவென்று வந்து, வந்ததிலிருந்து ஒரு தம்ளரைக்கூடக் கழுவி வைக்காதவள். “உங்களைப் பெத்த அம்மாவா இருந்தா இப்படி வேடிக்கை பாப்பீங்களா அண்ணி?”

மருமகளுக்குச் சுருக்கென்றது. தையல் கடைக்கு லீவு போட்டு, சோற்றைக் குழைத்து ஊட்டுகிறவள் அவள்தான். சாப்பிட்ட பிறகு மூன்று வேளை ஆன்டிபயாடிக், வலிக்குப் பாராசிட்டமால் மட்டும், பழைய வயிற்றுப்புண் இருப்பதால் வேறு வலி மாத்திரை கூடவே கூடாது என்று பல் டாக்டர் சொன்னதை எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். யார் காதில் வாங்கினார்கள்?

மதியம் மாமியார் இரத்தமாக வாந்தி எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, “என்னென்ன மாத்திரை குடுத்தீங்க?”

“எல்லாம் இவதான் குடுத்தா,” என்று கணவன் மனைவியைக் கைகாட்டினான். “அம்மாவுக்கு ஏதாவது ஆச்சு... அப்புறம் வீட்டுப் பக்கம் வந்துடாதடி.”

மருமகள் நாத்தனாரைப் பார்த்தாள். அவள் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் மருமகளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பழியை ஏற்றுக்கொள்வது அவளுக்குப் புதிதல்ல, பதினாறு வருடப் பழக்கம். இன்றைக்கும் வாயை மூடிக்கொண்டிருப்பாள். ஆனால் உள்ளே என்ன போயிருக்கிறதென்று தெரியாமல் டாக்டர் எதை நிறுத்துவார்?

“நான்தான் குடுத்தேன்னே இருக்கட்டும்மா,” என்றாள் நாத்தனாரிடம், தணிந்த குரலில். “என்ன மாத்திரைன்னு மட்டும் எடுத்துக் காட்டிடு...”

நாத்தனார் கைப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். கட்டிலிலிருந்து மாமியாரின் குரல்தான் வந்தது.

“அவ பேர்ல எழுதாதீங்க டாக்டர்... பொண்ணுதான் கடையில வாங்கிக் குடுத்தா. மருமகளுக்குத் தெரிய வேணாம்னு நான்தான் சொன்னேன்.”

கைப்பை திறந்தது. பத்து மாத்திரை அட்டையில் ஆறு காலி.

“இந்த வலி மாத்திரைதான் பழைய வயித்துப்புண்ணைக் கிளறியிருக்கு,” என்றார் டாக்டர். “ஆன்டிபயாடிக்கையே நிறுத்திடலாமான்னு யோசிச்சேன். நிறுத்தியிருந்தா பல் பிடுங்கின இடத்துல சீழ் வச்சிருக்கும். இப்பவாவது சொன்னீங்களே.”

மாமியார் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். “உன்னை நம்பாமப் போயிட்டேனேடி...”

மருமகள் முந்தானையால் அந்தக் கண்ணீரைத் துடைத்தாள். தன் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

“பதட்டத்துல சொல்லிட்டேன்,” என்றான் கணவன். “மனசுல வச்சுக்காத.”

“வச்சுக்கலைங்க. மாத்திரை நேரத்தையெல்லாம் எழுதித் தரேன். இனிமே உங்க கையாலயே குடுங்க. நாளைக்கு யாராவது கேட்டா, என் பக்கம் கை நீட்ட வேண்டாம் பாருங்க.”

தாளும் பேனாவும் கேட்டு நர்ஸிடம் போனாள்.