மீதி ஏழு

ரத்த மாதிரிக் குழாய்களை நிறுத்தி வைக்கும் நீலத் தாங்கியில் ஒன்று கூடுதலாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை வார்டுகளிலிருந்து வந்தவை பத்து என்று வரவுப் பதிவேடு சொன்னது. ஊதா மூடிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பயிற்சி மாணவியான அவள் எண்ணியபோது பதினொன்று வந்தது.

“அண்ணா, பதினொன்னு இருக்கு. எழுதினது பத்துதான்.”

முறைப்பணியில் இருந்த டெக்னீஷியன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். தடித்த கண்ணாடிக்காக மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அது அவருக்கும் தெரியும்.

“காலையிலேர்ந்து மைக்ராஸ்கோப்பையே பார்த்துக்கிட்டிருந்தா ஒன்னு ரெண்டாத்தான் தெரியும். நம்பரைப் பார்த்துப் பதிஞ்சுடு. நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு நாலு மணிக்கு வந்துடறேன். அவசரம்னா போன் பண்ணு.”

“அவசரம் இல்லைன்னா?”

“என் தூக்கத்தைக் கெடுக்காதே தாயே.”

படியேறும் அவருடைய செருப்பொலி தேய்ந்து மறைந்ததும், மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்த அந்த நீண்ட ஆய்வகம் தன் சொந்த ஒலிகளுக்குத் திரும்பியது: குளிர்பெட்டியின் தாழ்ந்த உறுமல், எங்கோ ஒரு குழாய் சொட்டும் சத்தம், சுவரின் உச்சியில் தெருமட்டத்துக்குச் சரியாக அமைந்த குறுகிய சன்னல்களின் வழியே எப்போதாவது கடந்துபோகும் பாதங்களின் நிழல், இவையனைத்தின்மேலும் படிந்து கிடந்தது மெத்தனாலும் சாயமும் தரை கழுவும் திரவமும் கலந்த, கண்ணோரம் கரிக்கும் நெடி.

கூடுதலாக இருந்த குழாயை அவள் எடுத்தாள். அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. சுற்றியிருந்த சீட்டைத் திருப்பினாள். எண் 9001. பெண். வயது 31.

அந்த நோயாளியை அவளுக்குத் தெரியும். ஏனெனில், அப்படி ஒரு நோயாளி கிடையாது.

மருத்துவ ஆய்வக அறிவியல் பட்டப்படிப்பின் இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும், ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் மெல்லிய படலமாக இழுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் நூறு வெள்ளை அணுக்களை எண்ணி, ஐந்து வகைகளில் எது எத்தனை என்று செய்முறைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அவ்வாறு நூறு நோயாளிகள். தொண்ணூற்றேழு பேரின் ரத்தத்தை அவள் உண்மையாகவே எண்ணினாள், அதை மறுப்பதற்கில்லை. கடைசி மூவரை வெள்ளிக்கிழமை இரவு, விடுதிக் கட்டிலில் சாய்ந்தபடி, தலையிலிருந்து எழுதினாள். உண்மையான நோயாளி எவருடைய எண்ணோடும் மோதிவிடக் கூடாது என்பதற்காக, அந்த ஆண்டில் இன்னும் ஆறாயிரத்தையே எட்டாத மருத்துவமனை வரிசையை விட்டு விலகி, 9001, 9002, 9003 என்று எண்களிட்டாள். எல்லோரும் செய்வதுதான் என்றாள் அறைத்தோழி. எல்லோரும் செய்வதனாலேயே ஒரு பொய் எப்படி வேறொன்றாகிவிடும் என்று இருவரில் ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஓர் உடம்பு இருக்கிறது என்று முதலாண்டின் முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதைத் தேர்வில் எழுதி அவள் முழு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள்.

தோழியின் குறும்பாகத்தான் இருக்க வேண்டும். தன்னுடைய ரத்தத்தையே எடுத்து ஒட்டி வைத்திருப்பாள். அந்த எண்ணம் அவளுக்குச் சற்றுத் தெம்பளித்தது. இருந்தும் ஒரு துளியை ஸ்லைடில் இட்டு இழுத்தாள், உலர்த்தினாள், சாயமேற்றிக் கழுவினாள், எண்ணெய்த் துளியிட்டு நுண்ணோக்கியின் அடியில் வைத்தாள். இடக்கை விரல்கள் எண்ணும் கருவியின் விசைகள்மேல் அமர்ந்தன. வகைக்கு ஒரு விசை. நூறானதும் மணி அடிக்கும். மணி அடித்தது.

அறுபத்திரண்டு. முப்பத்தொன்று. நான்கு. மூன்று. சுழி.

பையிலிருந்து பதிவேட்டை எடுத்து விரித்தாள். தொண்ணூற்றெட்டாம் பக்கம். அறுபத்திரண்டு, முப்பத்தொன்று, நான்கு, மூன்று, சுழி.

தற்செயல் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. சுவரிலிருந்த சிறு லிஃப்டின் மணி ஒலித்தது. தரைத்தளத்தில் வெளிநோயாளிகளுக்கு ரத்தம் எடுக்கும் அறையிலிருந்து குழாய்களை இறக்குவதற்கென்று அமைத்த, புத்தகப்பை அளவேயான தகரப்பெட்டி அது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறை பூட்டியிருக்கும். சாவி, அவளுடைய கண்ணெதிரே, பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது.

பெட்டியில் ஒரே ஒரு குழாய். 9002. ஆண். வயது 8.

இம்முறை எண்ணும்போது அவள் பதிவேட்டை முன்னதாகவே விரித்து வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வகையும் எழுதியிருந்த எண்ணைத் தொட்டதும், சொல்லி வைத்தாற்போல, அந்த வகை அணு பிறகு கண்ணிலேயே படவில்லை.

கைப்பேசி அதிர்ந்தபோது அவள் நாற்காலியோடு பின்னே நகர்ந்துவிட்டாள். கூடப்பிறந்த அண்ணன்.

“என்ன ரத்தக்காட்டேரி, இன்னிக்கு எத்தனை லிட்டர் குடிச்ச?”

“அண்ணா…” அவளுடைய குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “ரெக்கார்டுல ஒரு தப்பு பண்ணிட்டேன். நாளைக்குக் கையெழுத்துக்கு வைக்காம விட்டா என்ன ஆகும்?”

“என்ன ஆகுமா? பரீட்சை எழுத விடமாட்டாங்க, ஒரு வருஷம் போகும்னு நீதானே அன்னிக்கு அழுதே. அப்பா வேற, பொண்ணு அடுத்த மாசம் வேலையில சேர்றான்னு பால்காரர்கிட்டகூடச் சொல்லி வச்சிருக்கார். சின்னத் தப்புதானே? அடிச்சுத் திருத்தி எழுது. உன்னை எவன் பார்க்கப்போறான்?”

அவன் அன்போடுதான் சொன்னான். அவள் கைப்பேசியை வைத்தாள். நாளைக் காலை ஒன்பது மணிக்குத் துறைத்தலைவர் பக்கங்களைப் புரட்டாமலேயே கையெழுத்திடுவார். நூறு என்ற எண் மட்டும் போதும். நான்கு ஆண்டுகள், அந்த ஒரு கையெழுத்து.

லிஃப்டின் மணி ஒலித்தது.

9003. ஆண். வயது 54.

எடுக்காமல் இருந்துவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் தகரப்பெட்டி திறந்தபடியே நின்றது. மணி விட்டு விட்டு ஒலித்துக்கொண்டே இருந்தது. அவள் குழாயைத் தொட்ட பிறகுதான் ஓய்ந்தது. முந்தையவை வெதுவெதுப்பாக இருந்தன. இது பாதி வெதுவெதுப்பாகவும் பாதி பனிக்கட்டியாகவும் இருந்தது.

ஸ்லைடை இழுத்தாள். படலம் ஒழுங்காக வரவில்லை. துணியில் பூச்சி அரித்தாற்போல இடையிடையே ஓட்டைகள். நுண்ணோக்கிக்குள் குனிந்தாள். ஐம்பத்தெட்டு. இருபத்துநான்கு. ஆறு. ஐந்து. பிறகு எதுவுமில்லை. மேலும் கீழுமாக, இடமும் வலமுமாக, படலத்தின் ஓரம் வரை தேடினாள். மணி அடிக்கவில்லை. சிவப்பணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற பரப்பில், வெள்ளையணு ஒன்று இருந்திருக்க வேண்டிய இடங்கள் மட்டும் வட்டவட்டமாக வெறுமையாக இருந்தன. அணுக்கள் அந்த வட்டங்களுக்குள் நுழையாமல், விளிம்போடு ஒதுங்கி நின்றன.

வெற்று வட்டங்களை எண்ணினாள். ஏழு.

நூறாம் பக்கத்தைத் திருப்பினாள். ஐம்பத்தெட்டு, இருபத்துநான்கு, ஆறு, ஐந்து, சுழி. கீழே, மொத்தம் என்ற இடத்தில், அழகான கையெழுத்தில், நூறு. அன்றிரவு அவள் கூட்டிப் பார்க்கவே இல்லை. தொண்ணூற்றொன்பது முறை எழுதிய பழக்கத்தில் கை தானாகவே நூறு என்று எழுதிவிட்டது.

தொண்ணூற்று மூன்றுதான் இருந்தது.

மேசையிலிருந்த உள்தொலைபேசி ஒலித்தது. எந்த அறையின் அழைப்பு என்று காட்டும் சிறு விளக்குகளில், பூட்டிய அறையின் விளக்கு எரிந்தது.

“ஆய்வகம்,” என்றாள்.

“வணக்கம்மா.” பணிவான ஆண்குரல். நெடுநேரம் வரிசையில் நின்றவரின் குரல். “தொந்தரவுக்கு மன்னிக்கணும். மீதி ஏழு எங்கேம்மா?”

“யார் பேசறது?”

“ஆண். ஐம்பத்து நாலு வயசு. அவ்வளவுதாம்மா எனக்குத் தெரியும்.”

அவளுடைய பார்வை பலகையில் தொங்கிய சாவிக்குப் போயிற்று.

“கோபமில்லேம்மா. அந்த அம்மாவும் பையனும் முழுசா இருக்காங்க, பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க. எனக்கு மட்டும் இடது பக்கம் காத்தடிக்குது. உள்ளே வரைக்கும் அடிக்குதும்மா. வலிக்குது. நீங்க எழுதினா சரியாயிடும்.”

“நான்… நான் டெக்னீஷியனைக் கூப்பிடறேன்.”

“அவருக்கு எங்களைத் தெரியாதேம்மா.”

ரிசீவரை மேசைமேல் கிடத்தினாள். அது கிடந்த இடத்திலிருந்து, ஓட்டை வழியே புகும் காற்றைப் போன்ற ஒரு சீழ்க்கை மெல்ல வந்துகொண்டிருந்தது. பக்கத்தைக் கிழித்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் கல்லூரியின் முத்திரையும் எண்ணும் உண்டு, கிழித்தால் தொண்ணூற்றொன்பது. பூதக்கண்ணாடியை அழைத்து நடந்ததைச் சொல்லிவிடலாம். சொன்னால் ஓர் ஆண்டு. அப்பா பால்காரரிடம் என்ன சொல்வார்? ஐந்து வகைகளில் ஒன்றோடு ஏழைக் கூட்டலாமென்றால், எழுதிய எண்ணை அடிக்க வேண்டும். அடித்தல் திருத்தல் கண்ணை உறுத்தும்.

ஆறாவதாக ஒரு கட்டம் இருந்தது. பிற. ஐந்து வகையிலும் சேராத, உடம்பில் இருக்கக் கூடாத அணுக்களைக் கண்டால் எழுதுவதற்கான கட்டம். அதனெதிரே, அவை எத்தகையவை என்று விவரிக்க ஒரு கோடு. நூறு பக்கங்களிலும் அது வெறுமையாகவே இருந்தது.

அவள் பேனாவை எடுத்தாள். அந்தக் கட்டத்தில் 7 என்று எழுதினாள். விவரக் கோட்டில் எதையும் எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை. இப்போது கூட்டினால் நூறு வந்தது.

சீழ்க்கை நின்றது.

கிடந்த ரிசீவர் ஒரு பெருமூச்சு விட்டது. “வந்துடுச்சும்மா.” அடுத்த நொடி குரல் மாறியிருந்தது; அடியில் இன்னொன்று அசைந்தது. “இது… என்னதும்மா இது?”

அவள் வெறுமையாக விட்ட விவரக் கோட்டைப் பார்த்தாள்.

“கீழே வரேம்மா. நீங்களே பார்த்துச் சொல்லுங்க.”

மேலே, பூட்டிய கதவு திறக்கும் ஓசை. சாவி பலகையில்தான் தொங்கியது. படிகளில் காலடி. அவசரமில்லாத, முழங்கால் வலிக்காரரின் காலடி. ஒரு படி. ஒரு படி. ஒவ்வொரு படிக்கும் இடையே, கைப்பிடிக் கம்பியில் ஈரமான ஏதோ ஒன்று ஒட்டிப் பிரிந்தது.

கைப்பேசியை எடுத்தாள். பூதக்கண்ணாடியின் எண். மணி போயிற்று. போயிற்று. எடுக்கவில்லை.

மணி மூன்று பத்து.

கதவு திறந்தது.

ஐம்பத்து நான்கு வயது மதிக்கத்தக்க ஓர் ஆண். எந்த வரிசையிலும் நிற்கக்கூடிய, பார்த்த மறுநொடியே மறந்துவிடக்கூடிய முகம். முழுக்கைச் சட்டை. தலையசைத்து வணங்கிவிட்டு, அவளுக்கு எதிரே இருந்த முக்காலியில் அமர்ந்தார். இடக்கையை வலக்கையால் தூக்கி, விளக்கின் அடியில், மேசைமேல் கிடத்தினார். சட்டையின் கையை மெதுவாகச் சுருட்டினார்.

தோளிலிருந்து முழங்கை வரை அது மனிதக்கை.

அதற்குக் கீழே சாயத்தின் ஊதா. தோல் இல்லை, எலும்பு இல்லை, நரம்பு இல்லை. கண்ணாடியைப் போலத் தெளிந்து, பாகைப் போலத் தளர்ந்து, விரல்களின் வடிவத்தை அரைகுறையாக நினைவில் வைத்திருந்த ஒன்று. அதனுள் கோலிக்குண்டு அளவில் கருத்த உருண்டைகள் மிதந்தன. அவள் முகத்தை நெருக்கியதும் அவை ஒன்றன்பின் ஒன்றாக அவளை நோக்கித் திரும்பின.

“பேர் எழுதாம விட்டுட்டீங்களேம்மா,” என்றார் அவர். குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. “அது என்ன பண்ணணும்னு அதுக்கே தெரியலை. எண்ணிப் பாருங்க. ஏழுதானே?”

பழகிய கண்கள். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. ஆறு.

ஏழாவது நீண்டுகொண்டிருந்தது. நடுவில் ஒடுங்கியது. இழுபட்டது. பிரிந்தது.

எட்டு.

முழங்கைக்கு மேலே, மனிதத் தோலில், ஊதா நிறம் ஒரு விரற்கடை ஏறியது. அவர் அதைப் பார்க்கவில்லை. முடிவுக்காகக் காத்திருக்கும் எல்லோரையும் போல அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு, பொறுமையாகப் புன்னகைத்தார்.

பிறகு ஆறாவது நீண்டது.