இருபத்தாறு சதவீத சாட்சி!

ட்ரிங்... ட்ரிங்...

ஷெரிஃப் ட்ரூடி கெல்சோ காபிக் கோப்பையைக் கீழே வைக்காமலே ரிசீவரை எடுத்தாள்.

"ஷெரிஃப்! செனட்டரைக் காணோம்! கடத்திட்டாங்க!"

"வாஷிங்டனுக்குப் போன் பண்ணுங்க. அங்கயும் அவங்களைப் பாதி நாள் காணோம்தான்."

"விளையாடாதீங்க! நான் ஹார்லன் பர்டெட் பேசறேன். செனட்டர் என் காளை!"

ட்ரூடி கோப்பையை வைத்துவிட்டாள்.

செனட்டர்! கறுப்பு மலை போன்ற காளை. வயோமிங் மாநிலத்தின் கெட்டில் ஃபோர்க் கவுண்டியில் அதைத் தெரியாதவர் இல்லை. நாளைக்கு ஏலம். மேடை போட்டாயிற்று, போஸ்டர் ஒட்டியாயிற்று.

"தொடாதீங்க. எதையும் தொடாதீங்க. வர்றேன்!"

காலை ஏழு மணி. பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. மலைமேல் இருந்த பர்டெட் பண்ணைக்குள் ட்ரூடியின் டீசல் ஜீப் நுழைந்தபோது காற்று காதைக் கடித்தது.

எஞ்சினை அணைத்தாள்.

"அணைக்காதீங்க ஷெரிஃப்!" ஹார்லன் ஓடி வந்தார். நூற்றிருபது கிலோ ஓடி வந்தால் பூமிக்குத் தெரியும். "இந்தக் குளிர்ல திரும்ப ஸ்டார்ட் ஆகாது!"

"யோசிக்கறப்போ எனக்கு இரைச்சல் ஆகாது. என்ன நடந்தது?"

அவருக்குப் பின்னால் நின்ற ஒல்லியான மனிதன் வாய் திறந்தான். டோபின். நாற்பது வயது. பதினோரு வருடமாகச் செனட்டரைப் போன்ற காளைகளை இந்தப் பண்ணையில் வளர்ப்பவன்.

"ஆறரைக்குத் தீவனம் வைக்கப் போனேன் மேடம். பட்டி காலி! கத்தினேன். ஐயா ஓடி வந்தாரு."

"ராத்திரி எங்க படுத்திருந்தே?"

"இதோ, இந்த ரூம்ல. பட்டிக்கு நாப்பது அடி. ஒரு சத்தமும் கேக்கல மேடம். டீசல் வண்டி கிளம்பினா செத்தவனும் எழுந்திருவான்!"

ட்ரூடி முற்றத்தில் நின்ற மாட்டு ட்ரெய்லரை எட்டிப் பார்த்தாள். உள்ளே புத்தம்புதுச் சாணி. அரைகுறையாகத்தான் உறைந்திருந்தது.

"ட்ரெய்லர் காளையோட போயிருக்கு... காளை இல்லாமத் திரும்பி வந்திருக்கு." நிமிர்ந்தாள். "திருடன் வெளியாள் இல்ல. இந்த முற்றத்துல நிக்கற ஏதோ ஒரு வண்டிதான் இதை இழுத்திருக்கு!"

முற்றத்தில் மூன்று பிக்கப்புகள்.

ட்ரூடி கையுறையைக் கழற்றினாள். இருபது வருட வழக்கம். கவுண்டி முழுக்கப் பிரசித்தம். சந்தேகம் வந்தால் முதலில் பானெட்டில் கை வைப்பாள். ஓடிய வண்டி பொய் சொல்லாது!

முதல் வண்டி, ஹார்லனின் டீசல். பானெட்டில் விரல் ஒட்டிக்கொண்டது. ஐஸ்!

இரண்டாவது, சாம்பல் நிற எலெக்ட்ரிக் பிக்கப். அதுவும் ஐஸ்.

"இது யாருது?"

"தபால்காரர் ஆர்வில்லோடது," ஹார்லன் உதட்டைப் பிதுக்கினார். "நேத்து காத்துல கரண்ட் கம்பி அறுந்துபோச்சு. போர் மோட்டார் ஓடணுமே, மாடுங்க தண்ணிக்கு என்ன பண்ணும்? இந்தப் பொம்மையில பிளக் பாயின்ட் இருக்குன்னான். ராத்திரிக்குக் கடன் வாங்கினேன். அதுக்கு மேல இதுக்குத் துப்பு கிடையாது ஷெரிஃப். பத்து மைல் போயிட்டுப் பத்து மணி நேரம் தூங்கும்!"

மூன்றாவது, டோபினின் பழைய டீசல்.

ட்ரூடியின் கை அங்கேயே நின்றது.

இளஞ்சூடு...!

"டோபின். காலைல எங்க போயிருந்தே?"

"எங்கயும் போகல மேடம்! எஞ்சின் ஹீட்டர் போட்டிருந்தேன்!"

அந்த ஊரில் எல்லா டீசல் வண்டிகளின் முன்பக்கத்திலும் நாக்கு மாதிரி ஓர் ஒயர் தொங்கும். குளிர்கால இரவுகளில் அதைச் சுவரில் சொருகி, எஞ்சினைச் சூடாக வைத்திருப்பார்கள். இல்லையென்றால் காலையில் வண்டி வண்டியாக இருக்காது. இரும்புச் சிலையாக இருக்கும்.

"நேத்து மத்தியானத்துலேருந்து கரண்டே இல்லையேப்பா! ஹீட்டரை எங்க சொருகினே?"

"அந்த எலெக்ட்ரிக் வண்டியில மேடம்! ஒன்பது மணிக்கு என் கையால சொருகினேன்!"

ட்ரூடி திரும்பிப் பார்த்தாள். டோபினின் ஒயர் சுருட்டி, ஆணியில் மாட்டப்பட்டிருந்தது.

"ஹார்லன், ஒயரைப் பார்த்தீங்களா?"

ஹார்லன் பூட்ஸ் நுனியைப் பார்த்தார்.

"நான்... எந்த ஒயரையும் பார்க்கல."

"ஐயா!" டோபின் ஹார்லன் பக்கம் திரும்பினான். "பதினோரு வருஷம் ஐயா... செனட்டரை நான் பாட்டில்ல பால் குடுத்து வளர்த்தேன்!"

க்ளிக்!

விலங்கு பூட்டிக்கொண்டது. வயோமிங்கில் மாட்டுத் திருட்டு என்றால் பத்து வருடம் வரை உள்ளே. அதன்பின் எந்தப் பண்ணையும் அவனை வாசலில்கூட நிற்க விடாது.

அப்போதுதான் தன் மனைவியின் குட்டிக் காரிலிருந்து ஆர்வில் இறங்கினார். தபால் தொப்பி. தோளில் பை. தினமும் தொண்ணூறு மைல் தபால் சுற்று. இந்தக் கவுண்டியின் ஒவ்வொரு தபால்பெட்டிக்கும் எத்தனை மைல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

"குட்மார்னிங்! வண்டிய எடுத்துக்கறேன், தபாலுக்கு நேரமாச்சு..." கதவைத் திறந்தவர், திரையைப் பார்த்து அலறினார். "ஐயோ! திருட்டு!"

"தெரியும் ஆர்வில். காளை..."

"காளையா? யாருக்கு வேணும் காளை? என் சார்ஜ்! நூறு சதவீதம் வெச்சிட்டுப் போனேன். இருபத்தாறு காட்டுது! மோட்டாருக்குக் குடுத்தா பத்து, பன்னெண்டுதானே குறையணும்!"

"வயசான மாடு மாதிரி கசியுதோ என்னவோ," என்றார் ஹார்லன்.

ஆர்வில் பாக்கெட்டிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். மைல் கணக்கு எழுதாமல் அவர் வண்டியை விட்டு இறங்குவதே இல்லை. "எழுபது மைல் ஓடியிருக்கு! யாரு ஓட்டினது?"

ட்ரூடியின் தலை திரும்பியது.

ஹார்லன் ஒரு நொடி தயங்கி, பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"நான்தான்யா! நேத்து சாயங்காலம். எல்லாரும் பேசறாங்களே, என்னதான் இருக்குன்னு பார்ப்போமேன்னு ஹைவே வரைக்கும் போயிட்டு வந்தேன். நான் ஒருத்தன்தான். பின்னால ஒரு மூட்டைகூட இல்ல. அதுக்கே அறுபது சதவீதத்துக்கு மேல குடிச்சிருச்சு உன் பொம்மை! இதை வெச்சிக்கிட்டுத் தபால் கொண்டு போறானாம் தபால்!"

ஆர்வில்லின் முகம் முதலில் சிவந்தது. பிறகு மெதுவாக... மிக மெதுவாக... மலர்ந்தது.

"காலியாவா போனே?"

"காலியா!"

"எழுபது மைல்?"

"அதான் சொல்றேனே!"

"ஷெரிஃப்," ஆர்வில் தொப்பியைக் கழற்றினார். "ஒரு அஞ்சு நிமிஷம் குடுப்பீங்களா? இதை நான் சொல்லியே ஆகணும்."

"மூணு."

"இந்தக் குளிர்ல காலி வண்டி எழுபது மைல் ஓடினா முப்பது சதவீதம் ஆகும். ரெண்டு குளிர்காலமா தினம் எழுதறேன், நோட்டு இருக்கு. மோட்டார், ஹீட்டர் எல்லாத்துக்கும் தாராளமா பன்னெண்டு. ஆக மிச்சம் ஐம்பத்தெட்டு இருக்கணும். இருக்கறது இருபத்தாறு! அப்போ அந்த எழுபது மைலுக்கு எவ்வளவு ஆச்சு?"

"அறுபத்திரண்டு," என்றாள் ட்ரூடி.

"டபுள்! இந்த வண்டி டபுளாக் குடிக்கறது ஒரே ஒரு வேலைக்குத்தான் ஷெரிஃப்." அவர் விரல் நீண்டது. "அந்த மாதிரி ஒரு ட்ரெய்லரை இழுக்கறப்போ! கனம்கூட அவ்வளவு பெரிய விஷயம் இல்ல. அந்தப் பெட்டி காத்தைக் கிழிச்சிட்டுப் போகணும் பாருங்க, அதான் கரண்ட்டைத் தின்னும். நாலு டன் வேணும்னாலும் இழுக்கும். தூரம்தான் பாதியாகும். இது மின்சார வண்டியோட பலவீனம்தான், ஒத்துக்கறேன்... ஆனா எவ்வளவு நேர்மையான பலவீனம்!"



"பானெட் சில்லுன்னு இருந்ததே!" ட்ரூடி தன் கையையே பார்த்தாள்.

"உள்ள எஞ்சின் இருந்தாத்தானே சுடும்? திறந்து பாருங்க, என் சாண்ட்விச் டப்பா இருக்கும். நூறு மைல் ஓடினாலும் சாண்ட்விச் சூடாகாது. அது எனக்கே ஒரு குறை!"

"சத்தமும் வராது..." என்றாள் ட்ரூடி.

"வரவே வராது!" டோபின் கத்தினான். "அதான் எனக்குக் கேக்கல!"

"எழுபதுல பாதி முப்பத்தஞ்சு. ஆர்வில், இங்கேருந்து முப்பத்தஞ்சாவது மைல்ல என்ன இருக்கு?"

"தெற்க ஹைவே. அங்க பெட்ரோல் பங்க்தான், காளையை ஒளிக்க முடியாது. வடக்க... என் சுத்துல கடைசித் தபால்பெட்டி." அவர் ஹார்லனைப் பார்த்தார். "பர்டெட் வைக்கோல் கொட்டகை!"

ட்ரூடி வயர்லெஸ்ஸை எடுத்து, தன் டெபுடியைக் கொட்டகைக்குப் போகச் சொன்னாள்.

ஒரு மணி நேரம் கழித்து அது கரகரத்தது.

"மேடம், டெபுடி பேசறேன். கொட்டகையில ஒரு கறுப்பு மலை நின்னு வைக்கோல் சாப்பிடுது. என்னைப் பார்த்துத் தும்முது!"

ஹார்லன் தீவனத் தொட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"உங்க காளையை நீங்களே திருடினீங்க," என்றாள் ட்ரூடி. "என் கை பானெட்டுக்குத்தான் போகும்னு தெரிஞ்சு, சுடாத வண்டியா பார்த்துத் திருடினீங்க. எதுக்கு?"

டோபின்தான் மெல்லச் சொன்னான்.

"இன்னிக்குப் பத்து மணிக்கு டாக்டர் வர்றாரு மேடம். ஏலத்துக்கு முன்னால காளைக்கு விந்துப் பரிசோதனை. போன கோடையில செனட்டரோட முப்பது பசுவ விட்டோம். ஒண்ணுகூடச் சினை பிடிக்கல. எனக்கும் ஐயாவுக்கும் மட்டும்தான் தெரியும்."

"நீ ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"ஐயா மானம் போயிடுமே மேடம்."

ஹார்லன் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

"திருட்டுப் போன காளைன்னா ஊரே வந்து துக்கம் விசாரிக்கும் ஷெரிஃப். மலட்டுக் காளைன்னா ஊரே சிரிக்கும்! டோபினை மாட்டி விடணும்னு நினைக்கலை. வண்டிய எடுக்கணும்னு ஒயரைக் கழட்டினேன், திரும்பச் சொருக மறந்துட்டேன். நீங்க விலங்கு போட்டப்போ..."

"வாய் இருந்ததே, ஹார்லன். அது மலடு இல்லையே."

க்ளிக்! டோபினின் விலங்கு திறந்தது.

க்ளிக்! ஹார்லனின் கையில் பூட்டியது. பொய்ப் புகார்!

டோபின் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே எலெக்ட்ரிக் வண்டியின் பானெட்டைத் தட்டிக் கொடுத்தான். காளையைத் தட்டுவது போலவே.

"ஏறுங்க ஜீப்ல," என்று சாவியைத் திருகினாள் ட்ரூடி.

க்ர்ர்... க்ர்... க்.

குளிரில் டீசல் மெழுகாக உறைந்துவிட்டது!

"அணைக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?" ஹார்லனுக்கு அந்த நிலையிலும் ஒரு சந்தோஷம்.

ஐந்து நிமிடத்தில் அவர் ஆர்வில்லின் பின்சீட்டில், மடியில் இரண்டு தபால் பைகளோடு பிதுங்கிக்கொண்டிருந்தார். முன்சீட்டில் ட்ரூடி. வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது.

"இருபத்தாறு சதவீதம்தான் இருக்கு," ஹார்லன் முனகினார். "நடுவழியில நின்னா நான் தள்ள மாட்டேன்!"

"பண்ணை வாசல்லேருந்து ஆறு மைல் செங்குத்து இறக்கம்யா," ஆர்வில் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "இறக்கத்துல இந்த வண்டி சார்ஜைத் தின்னாது, தானா ஏத்திக்கும். உள்ள கனம் ஜாஸ்தியா இருந்தா இன்னும் ஜாஸ்தியா ஏறும்!"

மலை முடிந்து சாலை சமமான இடத்தில் ட்ரூடி திரையை எட்டிப் பார்த்தாள்.

இருபத்தேழு!

பின்பக்கம் திரும்பினாள்.

"பாருங்க ஹார்லன்... அறுபத்திரண்டு திருடினீங்க, ஒண்ணைத் திருப்பிக் குடுத்துட்டீங்க. ஜட்ஜ் கிட்டச் சொல்றேன். தண்டனையா உங்களை இன்னும் அறுபத்தோரு தடவை மலையிலேருந்து இறக்கச் சொல்லி!"