செல்லிக்குப் பசி

அன்று காலையும் செல்லி எதுவும் சாப்பிடவில்லை. பால்கனிக் கம்பியில் தொங்கிய அவளை சத்தியசீலன் ஈரத்துணியால் ஒற்றிப் பார்த்தார். போன வருடம் மயில்கழுத்து நிறத்தில் பளபளத்தவள், இப்போது பழைய சாக்குத் துண்டு மாதிரி வெளுத்துப் போயிருந்தாள். அவருக்குக் காபி இறங்கவில்லை.

செல்லி ஒரு கரிமேயி. பிரியாணிக்குப் போடுகிறோமே கல்பாசி, அதற்குத் தூரத்து உறவு. ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய பாசிப் படலம். காற்றில் மிதக்கும் கரித்துகளைத் தின்று வளரும். வயிறு நிறைந்தால் நீலம் பூக்கும், பசித்தால் வெளுக்கும். புகை வரும் பக்கமாக ஓரத்தை நீட்டும். படித்தவர்கள் அதற்குத் தூண்டல், துலங்கல் என்று ஏதோ சொன்னார்கள். திருவொற்றியூர்க்காரர்கள் பிரியம் என்றார்கள்.

சத்தியசீலன் காலமெல்லாம் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டியவர். டீசல் புகை நெஞ்சில் படிந்து, இரண்டாவது மாடி ஏறுவதற்குள் மூச்சு இறைக்கும். படுத்தால் இழுப்பு வரும்; சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூக்கம். அந்தக் காலத்தில்தான் காற்று வாரியம் வீட்டுக்கு ஒரு கரிமேயிக் குட்டி கொடுத்தது. உள்ளங்கை அகலம். சாலைப் புகையைத் தின்று தின்று அது கதவு அகலத்துக்கு வளர்ந்தது. சத்தியசீலன் படுத்துத் தூங்க ஆரம்பித்தார். இப்போது அரிசி மூட்டையோடு மாடி ஏறுகிறார். அவர் மனைவி ரூபாவதிக்கு உலகத்தில் அதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் இல்லை.

நகரமும் திருந்தியது. லாரிகள் மின்சாரத்துக்கு மாறின, ஆலைப் புகைபோக்கிகள் ஓய்ந்தன. கரியும் தூசும் மேகத்தைக் குழப்புவது நின்றதால், பருவமழை தனக்குரிய மாதத்தில் வந்து, ஊரை மூழ்கடிக்காமல் பெய்துவிட்டுப் போனது. மார்கழி வானத்தில் நட்சத்திரம் தெரிந்தது. தெருமுனையில் இருந்த நெஞ்சு மருத்துவமனை நோயாளி வராமல் மூடப்பட்டு, அந்த இடத்தில் காய்கறிக் கடை வந்தது.

எல்லோருக்கும் நல்லதுதான், கரிமேயிகளைத் தவிர. அவற்றின் பணி முடிந்தது, காய்ந்தவற்றை மக்கும் குப்பையில் சேர்க்கலாம் என்று வாரியம் அறிவித்தது. சத்தியசீலனுக்கு அது சுருக்கென்று பட்டது. அவரும் போன வருடம்தான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார்.

"வேல முட்ஞ்சிட்சின்னா குப்பையில போட்ருவாங்களா?" என்று டிவியைப் பார்த்துக் கேட்டார்.

சில வாரங்களில் செல்லிக்கு நீலம் திரும்பியது. ரூபாவதிக்கு முதலில் காரணம் புரியவில்லை. கணவர் தினமும் சாயங்காலம் செல்லியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக்குக் காற்று வாங்கப் போவதை மட்டும் கவனித்தாள். திரும்பி வரும்போது அவர் கண் சிவந்திருந்தது. பிறகு இருமல் வந்தது. அந்த இருமலை அவளுக்கு நன்றாகத் தெரியும். அடுப்பை அணைத்துவிட்டு நேரே மாடி ஏறினாள்.

குடியிருப்பே அங்கே கூடியிருந்தது. துவைத்த போர்வைகள் மாதிரி கொடி முழுக்கக் கரிமேயிகள். நடுவில் இரும்புச் சட்டியில் தேங்காய் நாரும் பழைய டயர்த் துண்டும் புகைந்துகொண்டிருந்தன. எதிர்வீட்டு ரெஜினா அக்கா முறத்தால் விசிறிவிட்டாள். கைக்குழந்தைக்குச் சோறூட்டுகிறவர்களின் மலர்ச்சி எல்லோர் முகத்திலும் இருந்தது. சத்தியசீலன் இருமிக்கொண்டே சிரித்தார்.

"யோவ், உனுக்கு அது பெருசா, மூச்சு பெருசா?"

"எனுக்கு மூச்சு குட்த்ததே அதான ரூபா. அத்த பட்னி போட சொல்றியா?"

ரூபாவதி செல்லியைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு இறங்கினாள். இனி அந்தப் படியில் கால் வைத்தால் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள். போகமாட்டாள் என்று தெரிந்தும் சத்தியசீலன் அடங்கினார். அவர் இருமல் நின்றது. செல்லி மறுபடி வெளுத்தாள். அவர் சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துகொள்வதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் ரூபாவதி மசியவில்லை. மற்றவர்கள் மாடிக்குப் போவதை நிறுத்தவில்லை.

அப்போதுதான் காற்று வாரியத்திலிருந்து இளவேனில் என்ற அதிகாரி வந்தார். தெருமுனைக் கம்பத்தில் இருக்கும் காற்றளவியின் பச்சை விளக்கு மறுபடி மஞ்சளாகிறதாம். கரி எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லையாம். அதனால் வீட்டுக்கு இன்னொரு குட்டி கொடுப்பதாக முடிவாகியிருக்கிறது என்றார். நெஞ்சு நோயாளி இருந்த வீடு என்பதால் முதலில் இங்கே வந்ததாகச் சொல்லி, ஒன்றை ரூபாவதியின் உள்ளங்கையில் வைத்தார்.

மாடியில் நடப்பதைச் சொல்லிவிடத்தான் ரூபாவதி வாயைத் திறந்தாள். உள்ளே அடுப்பில் மிளகாய் வறுபட்டுக்கொண்டிருந்தது. கையிலிருந்த குட்டி அந்தப் புகையைத் தேடி ஓரத்தை நீட்டியது. நீட்டிய ஓரம் அவள் கட்டைவிரலைச் சுற்றிக்கொண்டது. சுற்றிய இடத்தில் மெல்ல நீலம் பூத்தது. அவளுக்கு நெஞ்சு இளகிவிட்டது.

"சொல்லுங்கம்மா," என்றார் இளவேனில்.

"ஒண்ணுமில்ல மேடம். டீ சாப்ட்டு போங்க."

மறுநாள் காலை தோசை வார்க்கும்போது குட்டி அடுப்படி ஜன்னலில் வெளுப்பாகத் தொங்கியது. ரூபாவதி அதைப் பார்த்தாள், கூடத்தில் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தாள். அவர் நெஞ்சுக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது. அதில் அவளுக்கு இப்போதும் சந்தேகமே இல்லை. ஆகவே அவரைக் கறிவேப்பிலை வாங்கிவர அனுப்பினாள். அவசரமில்லை, நிதானமாக வந்தால் போதும் என்றாள். முந்தின நாள் வாங்கிய கொத்து ஃப்ரிட்ஜில் வாடாமல் இருந்தது. அவர் போனதும் செல்லியைத் தூக்கி வந்து குட்டியின் பக்கத்தில் மாட்டினாள். பிறகு கல்லில் கிடந்த தோசையைத் திருப்பாமல் கை கட்டி நின்றாள்.

சத்தியசீலன் படியிறங்கும்போதே வாசனை வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து ரூபாவதி ஒரு தோசையைக்கூடக் கருகவிட்டதில்லை. அவருக்கு விஷயம் புரிந்தது, மனசு நிறைந்துபோயிற்று. ஒன்றும் தெரியாதவர் போல நடந்தார்.

காய்கறிக் கடையில் நல்ல கூட்டம். எல்லாம் தெரிந்த முகங்கள். இதே இடத்தில், மருத்துவமனை பெஞ்சில், அவரோடு மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள். எல்லோரையும் வீட்டில் கறிவேப்பிலைக்கு அனுப்பியிருந்தார்கள். எல்லோரையும் நிதானமாக வரச் சொல்லியிருந்தார்கள். யாரும் யாரையும் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

எதிர்க் கம்பத்தில் மஞ்சள் விளக்கு சிவப்பானது. ஒருவர் இருமினார். பக்கத்தில் நின்றவர் இருமினார். சத்தியசீலனும் இருமினார்.

காற்று வாரியத்தின் வண்டி, தட்டுத் தட்டாகப் புதுக் குட்டிகளோடு தெருவுக்குள் திரும்பியது. கறிவேப்பிலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லோரும் சந்தோஷமாக வரிசையில் நின்றார்கள்.