பத்து இடங்கள்

"அம்மா காலைப் பாரு... தண்ணியைத் தொட்டுப் பார்த்து வைக்கணும்னுகூடவா உனக்குத் தெரியாது?"

கணவன் காலையிலேயே ஆரம்பித்துவிட்டான். மாமியாரின் வலது பாதத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். நேற்று மாலை அவர் கால் ஊறவைக்க வெந்நீர் வைத்துக் கொடுத்தது மருமகள்தான்.

அவள் கொடுத்தது வெதுவெதுப்பான நீர். ஆனால் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கெட்டில், சற்று நேரம் கழித்து மாமியாரின் நாற்காலி அருகே காலியாக இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தாள். மாமியாரின் கண்களில் தெரிந்த பயம் அவளைத் தடுத்தது.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். வாசலில் செருப்பு வைக்கும் தட்டில் மாமனாரின் இடது செருப்பு இன்னும் தேயாமல் இருந்தது. சர்க்கரை நோயில் அந்தக் கால் போன பிறகு அவர் இரண்டு வருடம்கூட இருக்கவில்லை. மாமியாருக்கும் அதே நோய்தான்.

"திட்டுறதை அப்புறம் வச்சுக்கலாங்க. முதல்ல டாக்டர்கிட்ட போவோம்," என்றாள்.

"ஒரு கொப்புளத்துக்கு எதுக்குடி டாக்டரு? ஊரைக் கூட்டாதே," என்றார் மாமியார். அவள் விடவில்லை.

மருத்துவமனையில் நர்ஸ் ஒரு மெல்லிய நைலான் இழையைக் காட்டினாள். "கண்ணை மூடிக்குங்கம்மா. பாதத்துல பத்து இடத்துல இதால தொடுவேன். படும்போது சொல்லுங்க. எத்தனை இடம் தெரியலையோ அதை வச்சு, நரம்பு எவ்வளவு கெட்டிருக்குன்னு பார்ப்போம்."

"தெரியுது," என்றார் மாமியார். கொஞ்சம் விட்டு, "தெரியுது... தெரியுது."

கணவன் நிம்மதியாக மூச்சு விட்டான். மருமகள் அந்த இழையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸின் கை எப்போதோ நின்றிருந்தது.

"இதுவும் தெரியுது."

"அம்மா... நான் தொடவே இல்லையே."

மாமியார் கண்களைத் திறந்தார்.

"என் காலை எடுத்துடுவீங்களா?"

அவர் மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். "சூடே இல்லையேன்னு கெட்டில் தண்ணியை நான்தான்டா ஊத்திக்கிட்டேன். சொன்னா கால் மரத்துப்போனது தெரிஞ்சிடும்... அப்பா மாதிரி ஆயிடுவேன்னு... நீ அவளைத் திட்டறப்போ வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தேனேடா, பாவி."

அவன் மனைவியைப் பார்த்தான். "உனக்குத் தெரியுமா?"

"கெட்டிலைப் பார்த்தேன். அத்தை ஏற்கெனவே நடுங்கிட்டிருந்தாங்க. அவங்களை எப்படி மாட்டிவிடுறது?"

அவன் தலை தாழ்ந்தது.

அதிர்வு தெரிகிறதா என்று டாக்டர் ஒரு கவைக் கருவியைத் தட்டிக் கணுக்காலில் வைத்துப் பார்த்தார். பாதத்தின் நாடியை வெகுநேரம் விரலால் தேடினார். அத்தனை நேரமும் மருமகள் மனசுக்குள் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே நின்றாள்.

"இழையை வச்சு மறுபடி பார்த்ததுல பத்துல எட்டு இடம் தெரியலை. பாதிப்பு கடுமைதான். ஆனா ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. இப்பவே வந்ததால புண்ணு ஆறிடும், காலுக்கு ஆபத்தில்லை. இனிமே கால் ஊறவைக்கவே கூடாது. தினமும் யாராவது பாதத்தைப் பார்க்கணும்."

"நான் பார்க்கறேன், டாக்டர்," என்றாள் மருமகள்.

கட்டுப் போட்டதும் மருமகள் கீழே உட்கார்ந்து, அந்தப் பாதத்தை மடியில் தாங்கிக்கொண்டாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த கண்ணீர் ஒரு சொட்டு, கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்மேல் விழுந்தது.

மாமியாரின் கால் அசையவில்லை. ஆனால் அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையால் மருமகளின் கண்களைத் துடைத்தார்.

"எழுந்திரும்மா," என்றார். "வீட்டுக்குப் போகலாம். உன் தோளைக் குடு."