முதல் வரி மாயாண்டி

நாகப்பட்டினத்து இடப்பெயர்வு அலுவலகத்தில் காலையில் முதல் வேலை, கணினியைத் திறந்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவது. ஆற அமரக் குடித்துவிட்டு வந்தாலும் திரை வெளுத்துப் போய்த்தான் கிடக்கும். நீலாயதாட்சி பல வருடமாக இந்தக் கண்றாவியோடு மாரடிக்கிறாள்.

கடல் பாதி ஊரைத் தின்றுவிட்டது. மிச்சமிருப்பவர்களை மலைமேல் கட்டிய மேல்நகரத்துக்கு ஏற்றி அனுப்புவதுதான் அந்த அலுவலகத்தின் பணி. அதற்கான 'குடிப்பதிவி' மென்பொருளை மேல்நகரத்துக்காரர்கள் தங்களுடைய 'ஓடை' இயங்குதளத்துக்காக எழுதிக்கொண்டார்கள். கரையோர அலுவலகங்களின் தலையில் கட்டப்பட்டதோ 'பாறை'. மலிவாம். ஓடையில் வழுக்கிக்கொண்டு போவது பாறையில் நொண்டியடிக்கும், பாதியில் மூர்ச்சையாகும், அடித்ததையெல்லாம் விழுங்கிவிட்டு மரியாதையாக மன்னிப்புக் கேட்கும். புகார் எழுதினால் ஒரே பதில்தான் வரும். ஓடையில் நன்றாகத்தானே இருக்கிறது?

இருப்பதிலேயே கேவலமான கோளாறு ஒன்று உண்டு. குடும்ப அட்டவணையை அனுப்பினால் முதல் வரி மட்டும் மேலே போய்ச் சேராது. இங்கே திரையில் இருக்கும், வருகிற அனுமதியில் இருக்காது. தலைவனைப் பறிகொடுத்துச் சில குடும்பங்கள் தவித்த பிறகு, மூத்த எழுத்தர் ஜெயமேரி ஒரு வழி கண்டுபிடித்தாள். முதல் வரியில் இல்லாத ஆள் ஒருவனை எழுதிவிடுவது. பெயர் மாயாண்டி, வயது நாற்பது, உறவு கிடையாது. மென்பொருள் அவனைத் தின்றுவிட்டு மற்றவர்களை விட்டுவிடும். ஆயுத பூசையன்று அலுவலகத்தில் அவனுக்கும் ஓர் இலை போட்டுப் பொரி வைத்தார்கள்.

நீலாவின் குடும்பத்துக்கு முறை வந்தது. மேல்நகரத்தில் வீட்டுக்கு நான்கு பேர்தான். அதற்குமேல் போய்ச் சேருகிற வரியை அங்கேயே வெட்டிவிடுவார்கள். மாயாண்டிக்குக் கீழே மாமியாரையும் தன்னையும் மகள் ஆதிரையையும் எழுதினாள். பக்கத்தில் நின்ற கணவன் கலியமூர்த்தி, தன் பெயர் கடைசியில் கிடக்கட்டும் என்றான். ஒப்பமிட்டு அனுப்பினாள். ஒப்பமிட்ட பிறகு அதைத் திருத்த மனிதர் யாருக்கும் அதிகாரமில்லை.

அன்று காலை அவர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில் குடிப்பதிவி யாரையும் கேட்காமல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. சில சிறு பிழைகள் நீக்கப்பட்டன என்று திரையோரத்தில் பொடி எழுத்தில் ஓடியதை யாரும் பார்க்கவில்லை. வருடக்கணக்காகக் கெஞ்சியும் தொடாத கோளாறை, யாரும் கேட்காத ஒரு நாளில் சரிசெய்து வைத்திருந்தார்கள். அனுமதி வந்தபோது மாயாண்டி முதல் ஆளாக இருந்தான். கலியமூர்த்தி இல்லை.

நீலா மேல்நகர உதவி மையத்தைப் பிடித்தாள். ஓடையில் அப்படியொரு பிழை இருந்ததே இல்லை என்றது இனிமையான ஒரு குரல். மாயாண்டி என்பவர் யார், உண்மையில் இருக்கிறாரா என்றும் கேட்டது. நீலா வாயைத் திறப்பதற்குள் ஜெயமேரி இணைப்பைத் துண்டித்தாள்.

"இல்லாத ஆளுன்னு சொன்னீன்னா, இங்கேருந்து போன பதிவெல்லாம் பொய்னு ஆயிரும். மேல போய்ச் சேர்ந்த அத்தன பேரயும் எறக்கி விட்ருவாங்க, நீலா. தண்ணியிலயா எறக்குவ?"

நீலாவுக்குத் திட்ட வேண்டும்போல் இருந்தது. யாரைத் திட்டுவது? சரிசெய்துவிட்டார்கள் என்றா திட்டுவது?

கலியமூர்த்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தான். "நானே மாயாண்டியாப் போயிடுறேன். ஒனக்கென்ன, புருசன் பேரச் சொல்லியா கூப்புடுற?"

மாயாண்டிக்குக் கைரேகை பதிவாகியிருக்கவில்லை. அதை மேல்நகர வாயிலில்தான் எடுப்பார்கள். உறவில்லாதவன் என்பதால் மேலே தனி விடுதி, சந்திக்க மனுப்போட வேண்டும். ஆனால் உயிரோடு இருக்கலாம். கலியமூர்த்தி என்பவன் கரையிலேயே தங்கிக் கடலோடு போனதாகப் பதிவு தானே எழுதிக்கொள்ளும். பெரியவர்கள் பொய் சொல்வார்கள் என்பதால் வாயிலில் நிற்கும் பொறி குழந்தைகளிடம்தான் விசாரிக்கும். அதனால் கிளம்பும்வரை ஒவ்வொரு நாளும் சோறூட்டும்போது ஆதிரைக்கு நீலாவே பாடம் நடத்தினாள். குழந்தை முதலில் அழுதது, பிறகு விளையாட்டாக எடுத்துக்கொண்டது.

வாயிலில் கலியமூர்த்தி ரேகை கொடுத்துவிட்டுக் கைகட்டி நின்றான். மாமியார் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். பொறி ஆதிரையின் உயரத்துக்குக் குனிந்து, கொஞ்சுகிற குரலில் கேட்டது. இவர் உனக்கு யார்?

ஆதிரை அவனை நிமிர்ந்து பார்த்தாள். "தெரியாது."

கதவு திறந்தது. உறவில்லாதவர்களின் வரிசை இடது பக்கம் பிரிந்தது. அவன் அதில் போய்ச் சேர்ந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தான். கொஞ்சமாவது தயங்கிச் சொல்லியிருக்கக் கூடாதா என்று நீலாவுக்கு ஆத்திரமாக வந்தது. சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

ஆதிரை அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சரியாச் சொன்னனாம்மா?"

பொறி இன்னும் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

"சரியாத்தான் சொன்ன," என்றாள் நீலா.