புளிக்கும் தொட்டி

அடையாற்றில், ஆற்றை ஒட்டிய பழைய பங்களாவின் பின்புறம் அந்த ஆலை இருந்தது. ஆலை என்பது பெரிய வார்த்தை. ஒரு கொட்டகை, ஓர் இரும்புத் தொட்டி, அவ்வளவுதான். கரும்பாலைக் கழிவுப்பாகில் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து, பெட்ரோலில் கலக்க எத்தனால் எடுத்துப் பார்த்தார்கள். தொண்ணூற்றாறில், அடைமழை நாளொன்றில் சூடாமணி அங்கே ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்தாள். தம்பி ஜெயராமையும் கெஞ்சிச் சேர்த்துவிட்டவள் அவள்தான். அவனுக்கு ஒன்று என்றால் அம்மாவிடம் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

உள்ளே நுழைந்ததுமே கெட்டுப்போன இட்லி மாவின் வாடை.

பாக்டீரியா புகுந்து சர்க்கரையை அமிலமாக்கிவிடுகிறது என்றார் மேலாளர் கல்யாணராமன். பென்சிலின் போட்டாயிற்று, ஈஸ்ட்டை அமிலத்தில் கழுவியாயிற்று, தொட்டிக்கு நீராவியும் பிடித்தாயிற்று. எதற்கும் வாடை அடங்கவில்லை. சூடாமணி ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள்.

ஒரு பாக்டீரியா கூட இல்லை.

இந்த ஈஸ்ட் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். கல்யாணராமன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். போன வருஷம் அப்துல் வஹீத் என்ற தொழிலாளி காலித் தொட்டியில் இறங்கி, அடியில் படிந்த ஈஸ்ட்டை வழித்துக்கொண்டிருந்தார். அவர் உள்ளே இருப்பது தெரியாமல் மூடிவிட்டார்கள். ஈஸ்ட் விடும் வாயு ஆளை முடித்துவிட்டது.

"நல்ல வீரியமான ஈஸ்ட்மா. கொட்ட மனசு வரலை."

அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அவர் வழித்த அதே ஈஸ்ட்டைத்தான் கழுவிக் கழுவிப் போட்டிருக்கிறார்கள். அத்தனையையும் உடனே கொட்டச் சொன்னாள் சூடாமணி. தொட்டியைக் காலி செய்தார்கள். வாயு இருக்கிறதா என்று பார்க்க விளக்கை இறக்கினார்கள். அணையவில்லை. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஜெயராம் தேய்க்க இறங்கினான்.

வெளியே மழை. உள்ளே பிரஷ் தேய்க்கும் சத்தம்.

சர்க்... சர்க்...

பிறகு, இரண்டு பிரஷ்கள்.

"ஜெயராம்?"

கீழிருந்து கிசுகிசுப்பாகக் குரல் வந்தது.

"அக்கா, இன்னொருத்தர் தேய்ச்சிண்டிருக்காரே. எதுக்கு என்னை இறக்கினே?"

விளக்கு அணைந்தது.

கயிற்றை வெறி பிடித்தவள் மாதிரி இழுத்தாள். கல்யாணராமனும் சேர்ந்து இழுத்தார். ஜெயராம் மூச்சோடு வந்து விழுந்தான். சூடாமணி அவனைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

புது ஈஸ்ட் வந்தது. அடுத்த பாகு பழுதில்லாமல் பொங்கியது, வாடையும் இல்லை. கல்யாணராமன் இனிப்பு வாங்கி வந்து ஜெயராமிடம் நீட்டினார்.

ஜெயராம் வாயைத் திறந்தான். கொட்டகை முழுவதும் புளித்த மாவு வாடை.

மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த அந்தப் பையன், அதுவரை பேசியே அறியாத பேச்சில், வேறொரு குரலில் கேட்டான்:

"நீ மூடி போட சொல்ல நான் தட்டிக்கினே இருந்தேனே சார். காதுல வுழுந்தும் இன்னாத்துக்குத் தொறக்கல?"